இரண்டாம் ஓலைக்கு முன்

அன்புள்ள எபி,

முதலில் ஒரு மன்னிப்பு. கும்மிடிப்பூண்டிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் கடலா இருக்கிறது, போனை எடுத்துப் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே சித்தி என்று நீ சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றுதான் முதலில் தட்டிப் பார்த்தேன். நாலு வரி போனதும் அழித்துவிட்டேன். நீ மிஷினுக்கும் கேன்டீனுக்கும் நடுவில் அதைப் படித்து, ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். நேரில் பேசலாம் என்றால் எனக்குப் பேச்சு வராது, அது உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது தொண்டைவரை வந்ததையெல்லாம், "தண்ணி பாட்டில் எடுத்துக்கினியா?" என்று கேட்டு விழுங்கிவிட்டேன். ஆகவே இன்று கம்பெனி டைம் ஆபீஸ் வேலையிலிருந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கூரியரில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் உன் அறைக்கு வந்துவிடும். பொறுமையாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடந்ததை நீ பாதிதான் பார்த்திருப்பாய். முன்வரிசையில் மாப்பிள்ளைக் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டிருந்தாய். நான் வழக்கம்போலத் தூணுக்குப் பக்கத்தில் இருந்ததால் எனக்கு முழுக்கத் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் அட்வெந்தின் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றி, விழித்திருப்பதைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு ஆயர் உன் ஓலையை எடுத்தார். கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு சபையில் வாசிக்கும் அந்த அறிவிப்பை எத்தனையோ பேருக்குக் கேட்டிருக்கிறேன். சாதாரணமாக அந்த நேரத்தில்தான் பெண்கள் முந்தானையைச் சரிசெய்வார்கள், குழந்தைகளை வெளியே அழைத்துப் போவார்கள். அன்று நான் அசையவில்லை. உன் அப்பாவின் பெயரை வாசித்தார். அடுத்தது மறைந்த உன் அம்மா எஸ்தரின் பெயர் என்று காத்திருந்தேன். வந்தது என் பெயர். "ஆகியோரின் குமாரன் எபநேசருக்கும்" என்று ஆயர் போய்க்கொண்டே இருந்தார். ஷீபாவின் பெயரும் அவள் அப்பா அம்மா பெயரும் என் காதில் விழவே இல்லை.

பிறகு அந்த வழக்கமான வரி. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்பது. அந்த வரிக்குப் பிறகு ஆயர் மூச்சு வாங்கும் நேரத்துக்கு மேல் விடமாட்டார். அந்த மூச்சுக்குள் உன் அம்மாவின் அக்கா, ஆரம்பாக்கத்துப் பெரியம்மா, எழுந்து நின்றார்.

"அய்யோ, தடை சொல்றாங்கடி" என்று என் பின்னாலிருந்து ஒரு குரல்.

"பையனுக்கு வேற எங்கனா தொடுப்பு கீதா இன்னா?"

"சும்மா இருடி, ஆயர் பாக்குறாரு."

பெரியம்மா ஒன்றுமே சொல்லவில்லை. பைபிளைப் பைக்குள் வைத்தார், பையைத் தோளில் மாட்டினார், பக்கக் கதவு வழியாகப் போனார். வெளியே குவிந்து கிடந்த செருப்புகளில் தன் செருப்பைத் தேடி எடுக்கும் சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. ஆயர் அடுத்த பாட்டு எண்ணைச் சொன்னார்.

நீ சாப்பிட்டுவிட்டுத் தூங்கிய நேரத்தில் அத்திப்பட்டிலிருந்து உன் வருங்கால மாமனார் போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"இன்னா சம்பந்தி, ஓலைல யாரோ எழுந்து நின்னாங்களாமே? எங்க பொண்ணு மேல கொறையா, உங்க பையன் மேலயா? எதுனாலும் இப்பவே சொல்லிடுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சம்பந்தி. பையனோட பெரியம்மாவுக்கு மூச்சு முட்டிச்சு. காத்தாட வெளிய போனாங்க."

"காத்தாட போறவங்க கரெக்டா தடை கேக்குறப்பவா போவாங்க?"

உன் அப்பா கிரேனில் உட்கார்ந்தால் கொதிக்கும் இரும்பைக்கூட ஒரு சொட்டு சிந்தாமல் இறக்கி வைப்பவர். அந்தக் கேள்வி வந்ததும் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டார். அவர்கள் சபையில் நாளை, மறுநாள் என்று இந்தப் பேச்சு எப்படியெல்லாம் வளரும் என்று நினைத்துப் பார். ஷீபாவின் தலையில்தான் அது வந்து விழும். அதைச் சொன்னதற்கு அப்பா என்னிடம், "வுடுமே, பேஜாரு பண்ணாத. ரெண்டாவது ஓலை படிச்சா எல்லாம் மறந்துடுவாங்க" என்றார். நீ எழுந்து வந்து சொன்னது அதற்கும் மேல். "சித்தி, பத்து வருசமா எனக்கு சோறு போட்டது யாரு? பேரு உன்துதான் படிக்கணும். ஆயருகிட்ட நான்தான் சொன்னேன், நான் மாத்த மாட்டேன். பெரியம்மா வரலன்னா போட்டும்." சொல்லிவிட்டுத்தான் ஷூவை எடுத்தாய்.

நீ ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியும். எனக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. வேறு எந்த ஓலையிலும் என் பெயர் அந்த இடத்தில் வரப்போவதில்லை. அதை யாரிடமும் சொல்லாமல் நீயே யோசித்து, நீயே ஆயரைப் போய்ப் பார்த்திருக்கிறாய். அந்தப் பெயர் காதில் விழுந்த நொடியில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தூணில் கையை வைத்துக்கொண்டேன். பெரியம்மா எழுந்து நிற்கும்வரைதான் அது இருந்தது, ஆனாலும் அது போதும். நீ கொடுத்ததை நான் வாங்கிக்கொண்டேன். அதை நீ தெரிந்துகொண்ட பிறகு மேலே படி.

நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷத்து அட்வெந்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கூட்டம் ஒன்று நடந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு வேதபாடம் வாசிக்க ஆள் தேடினார்கள். மத்தேயு முதல் அதிகாரம், இயேசுவின் வம்ச வரலாறு. அவன் இவனைப் பெற்றான், இவன் அவனைப் பெற்றான் என்று போகும் அந்தப் பகுதியை யாரும் தொடவில்லை. "எனக்கு பல்லு ஆடுது, அந்தப் பேருலாம் சொன்னா பல்லு கீழ வந்துடும்" என்றார் ஒருவர். "புதுசா வந்திருக்குதே, அது டிகிரி படிச்ச பொண்ணு, அதுகிட்ட குடு" என்றார் இன்னொருவர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பொன்னேரிக்கு ரயிலில் போய்ப் படித்துவந்தேன், ஆனால் மூன்று வருஷத்தில் வகுப்பில் ஒரு கேள்விக்குக்கூட எழுந்து பதில் சொன்னதில்லை. ஒரு வாரம் அந்தப் பெயர்களை நடக்கும்போதும் அடுப்படியிலும் சொல்லிச் சொல்லிப் பழகினேன். அப்படிப் பழகியதால்தான், எல்லோரும் தாண்டிப்போகும் ஒன்று என் கண்ணில் பட்டது.

தாவீது சாலொமோனைப் பெற்ற இடத்தில் மத்தேயு அந்தத் தாயின் பெயரை எழுதவில்லை. உரியாவின் மனைவியாக இருந்தவள் என்று எழுதுகிறார். உரியா யார்? அவள் முதல் கணவன். அந்த வம்சத்தில் அவனுக்கு ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. தாவீது அவனைப் போர்முனையில் சாகவிட்டு அவளைச் சேர்த்துக்கொண்டான். ராஜாவின் வம்சம் எழுதுகிறவர்கள் அவன் பெயரை விட்டுவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மேசியா வருகிறார் என்று சொல்லும் நல்ல செய்தியின் முதல் பக்கத்தில், செத்துப்போன ஒருவனின் பெயரைப் போட்டு வைத்திருக்கிறார் மத்தேயு. வருகிறவருக்கு இடம் பண்ண வேண்டும் என்றால் போனவரை அழிக்க வேண்டியதில்லை என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். நம் வீட்டில் யாரும் யாருக்கும் தாவீது செய்ததுபோல ஒரு கேடும் செய்யவில்லை. உன் அம்மா காய்ச்சலில் போனார், அதற்கு நாலு வருஷம் கழித்து நான் வந்தேன். அப்படியிருக்க அந்தப் பெயரை நாம் ஏன் மறைக்க வேண்டும்? "நல்ல காரியத்துல காலஞ்சென்றன்னு ஒரு வார்த்தை எதுக்கு" என்று நீ ஆயரிடம் சொன்னாயாம். மத்தேயுவுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை, எபி.

அந்த வருஷம்தான் பெரியம்மா உன்னைக் கொண்டுவந்து விட்டார். உனக்குப் பதிமூன்று வயது. அம்மா போன பிறகு ஆரம்பாக்கத்தில் அவர் வீட்டில்தான் நீ வளர்ந்தாய், ஞாபகம் இருக்கும். நீ நேராக டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாய். அவர் என்னை அடுப்படிக்கு அழைத்தார். எங்கள் கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது போகிற ஆள் வருகிற ஆளிடம் சொல்லிவிட்டுப் போவான், இந்த மிஷின் சூடானால் இழுக்கும், அந்த வால்வை ரொம்பத் திருகாதே என்று. அப்படித்தான் அவர் சொன்னார்.

"நாஷ்டாவுக்கு இட்லி வெச்சா தொடமாட்டான். பழைய சோறு கேப்பான். குடுக்காதேன்னு அவங்கப்பன் சொல்லுவான், நீ குடு. பரீட்சைன்னா வயித்து வலின்னு படுத்துப்பான், நம்பாத. இடி இடிச்சா மட்டும் தனியா வுடாத. அது நெசமாவே பயம்."

நான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

"இன்னாம்மா, வாயத் தொறந்து பேச மாட்டியா? காலேஜ்ல இன்னா, தலையாட்டத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"பாத்துக்கிறேன்க்கா" என்றேன். அது ஒன்றுதான் வந்தது.

"பாத்துக்க. இனிமே இது உன் புள்ள." சொல்லிவிட்டு, உன் துணிப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, உன்னிடம் சொல்லிக்கொள்ளாமலே பின்கதவு வழியாகப் போனார். உன்னைப் பார்த்தால் போக முடியாது என்பதால்தான் பின்கதவு. நீ அரைமணி நேரம் கழித்து, "பெரியம்மா எங்க?" என்று கேட்டபோது எனக்கு அது புரிந்தது.

கவனித்துப் பார். அன்று அவர் உன்னை எனக்குக் கொடுத்தார். கேட்காமலே, முழுசாக. தன் தங்கையின் இடத்தை அவர் எனக்குக் கொடுக்கவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. இந்த ஞாயிறு சபைக்கு நடுவில் அவர் காதில் விழுந்தது என் பெயர் இல்லை, தன் தங்கையின் பெயர் வராத மௌனம். அவர் எழுந்து நின்றது உன் கல்யாணத்துக்குத் தடை சொல்ல இல்லை. அந்த மௌனத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். தடை கேட்கும் நேரத்தில் எழுந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

அப்படியானால் சித்தியின் இடம் எது என்று நீ கேட்பாய். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. இந்தப் பத்துப் பதினோரு வருஷத்தில் ஒவ்வொரு அட்வெந்திலும் மரியாளைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். என் கண் மட்டும் யோசேப்பு மேலேயே போகும். வேதத்தில் அவர் பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. எழுந்தார், சேர்த்துக்கொண்டார், பெயர் வைத்தார், தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போனார், திரும்பி வந்தார். எல்லாம் செய்கைதான், பேச்சு இல்லை. என்னைப்போல வாய் வராத ஆள் என்று நினைத்துக்கொள்வேன். பன்னிரண்டு வயதில் பிள்ளையைக் காணோம் என்று தேடிப்போய், தேவாலயத்தில் கண்டுபிடித்தபோது, உன் தகப்பனும் நானும் தேடினோமே என்கிறார் மரியாள். என் பிதாவின் காரியங்களில் நான் இருக்க வேண்டாமா என்கிறார் இயேசு. வளர்த்தவர் அங்கேயே நிற்கிறார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பிள்ளை வேறொருவரைத் தகப்பன் என்கிறது. யோசேப்பு கோபித்துக்கொண்டதாகவோ, நான் யார் அப்படியானால் என்று கேட்டதாகவோ லூக்கா எழுதவில்லை. அடுத்த வரியில் பிள்ளை அவர்களோடு ஊருக்குப் போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருக்கிறது. யோசேப்புக்கு அது போதுமாக இருந்திருக்கிறது. எனக்கும் போதும். இதைத் தியாகம் என்று நினைத்துவிடாதே, நான் அவ்வளவு நல்லவள் இல்லை. இடி இடித்த ராத்திரிகளில் என் பாயை இழுத்துக்கொண்டு வந்து உன் கட்டிலுக்குக் கீழே போட்டவள் நான். அந்த இடத்தை எந்த ஓலையும் எனக்குத் தரவும் முடியாது, பறிக்கவும் முடியாது என்கிற தைரியம்தான்.

வரும் ஞாயிறு இரண்டாவது மெழுகுவர்த்தி. வாசிப்பு ஏசாயா நாற்பதாம் அதிகாரம். கர்த்தருக்கு வழியைச் சரிசெய்யுங்கள், பள்ளம் உயரட்டும், மலை தாழட்டும், கோணல் நேராகட்டும் என்று வரும். எளாவூர் பக்கம் நெடுஞ்சாலையை அகலமாக்கியபோது என் அப்பா அங்கே மண் வேலைக்குப் போனார். லீவு நாளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும்போது பார்த்திருக்கிறேன். மேட்டை வெட்டிய மண்ணைத்தான் தட்டில் சுமந்து வந்து பள்ளத்தில் கொட்டுவார்கள். மேடும் பள்ளமும் தனித்தனி வேலை இல்லை, ஒரே வேலை. பிரசங்கத்தில் எத்தனை விளக்கம் கேட்டாலும் அந்த வசனம் வரும்போது எனக்கு அப்பாவின் தலையில் இருந்த அந்த மண் தட்டுதான் நினைவுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை நீ என் பக்கம் குவித்த மண் பெரியம்மாவின் பக்கத்தில் பள்ளம் தோண்டி எடுத்தது. உனக்கு அது தெரியாமல் நடந்தது. எடுத்த இடத்தில் அதைத் திரும்பப் போட்டுவிடு. நான் ஒன்றும் குழியாகிவிட மாட்டேன்.

ஆகவே நீ ஆயருக்குப் போன் செய்து, இரண்டாம் ஓலையில் அப்பாவின் பெயருக்குப் பிறகு காலஞ்சென்ற எஸ்தர் என்று வாசிக்கச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அது சித்தி விட்டுக்கொடுத்தது என்று ஆகும். அப்பா சொன்னால் பெரியம்மாவுக்குப் பயந்தது என்று ஆகும். ஓலை உன்னுடையது, நீ சொல். அத்திப்பட்டு மாமாவிடமும் நீயே உண்மையைச் சொல். எங்கள் பெரியம்மாவுக்குக் கோபம் என் மேல், காரணம் இது, திருத்திவிட்டேன் என்று சொன்னால் மூன்றே வாக்கியம். மூச்சு முட்டியது என்ற கதையை அவர் நம்பவில்லை, நம்பவும் மாட்டார். கல்யாணம் நடக்கும் முன்பே வீட்டில் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு ஷீபாவை எப்படி வரவேற்பது? அந்தப் பெண் பொய்யைவிட உண்மைக்குச் சீக்கிரம் பழகிக்கொள்வாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டேன், இன்னும் கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. இத்தனை பக்கமும் அதைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை வரும்போது கும்மிடிப்பூண்டியில் இறங்காதே. நேராக ஆரம்பாக்கம் போ. தனியாகப் போ. பெரியம்மா முதலில் கதவைத் திறக்க மாட்டார், திறந்தாலும் திட்டுவார், "வந்துட்டாரு தொரை" என்பார். திட்டி முடிக்கட்டும். ஓலையில் அம்மா பெயர் வரும், நாளைக்கு நீங்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று சொல். அப்போது அவர் உன் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். எனக்கு அவரைத் தெரியும், கட்டாயம் கேட்பார். "உங்க சித்தி சொல்லி அனுப்புனாளா?" அந்தக் கேள்விக்கு, "இல்ல பெரியம்மா, நானேதான் வந்தேன்" என்று நீ சொல்ல வேண்டும். நான் அனுப்பியதாகத் தெரிந்தால், தங்கையின் பெயரை நான் பிச்சை போட்டதாகிவிடும். அவர் அதை வாங்கிக்கொள்ள மாட்டார், நானாக இருந்தாலும் வாங்கமாட்டேன்.

ஆனால் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை, எபி. இந்தக் கடிதத்துக்காகப் போகாதே. மடித்து வைத்துவிட்டு உன் அம்மாவை நினைத்துப் பார், செருப்பைத் தேடிய பெரியம்மாவை நினைத்துப் பார். மனசு திரும்பவில்லை என்றால் எப்போதும்போல வீட்டுக்கு வா, சோறு இருக்கும், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். திரும்பினால் மட்டும் போ. நானேதான் வந்தேன் என்று நீ சொல்லும்போது அது உண்மையாக இருக்க வேண்டும். அதுதான் நான் உன்னிடம் கேட்பது.

உன் சித்தி